வழுக்கி விழவில்லை

தாராபுரம்
14.06.2024

அன்பான ரெபேக்கா அக்காவுக்கு,

தங்கை ரூத் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் இந்தக் குழந்தைகள் இல்லத்தில் இருக்கிற முப்பத்திரண்டு பெண்பிள்ளைகளும் சுகம். நீங்களும் ஜெஃபினும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலி அந்தத் தைலத்துக்குக் கேட்கிறதா?

போன் செய்தால் உங்கள் மகன்தான் எடுக்கிறான். நான் சொல்வதை அவன் உங்கள் முகத்துக்கு நேரே கத்த, அதிலும் பாதி உங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. முப்பது வருஷம் விசைத்தறிக்குப் பக்கத்தில் நின்ற காது. நமக்குக் கடிதமே போதும் அக்கா. இதில் யாரும் கத்த வேண்டியதில்லை.

ஒரு செய்தி. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எங்களைப் போன்ற இல்லத்து அம்மாக்களுக்கு ஒரு பயிற்சி நடக்கப்போகிறது. பிள்ளைகளின் மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித் தருவார்களாம். மாதம் இரண்டு நாள், ஆறு மாதம். எங்கள் கண்காணிப்பாளர் அங்கப்பன் சார் என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார். பத்தொன்பது வருஷ அனுபவம் இருக்கிறது என்று தேர்ந்தெடுத்திருப்பார். பயிற்சி கொடுக்கிற சாய்ப்ரியா மேடத்துக்கு வயசு இருபத்தெட்டாம். நான் இந்த வேலைக்கு வந்தபோது அவர் நாலாம் வகுப்பு படித்திருப்பார். அவர் எனக்கு என்ன சொல்லித் தரப்போகிறாரோ.

லீவுக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். மே மாதம் இங்கே கொஞ்சம் கலாட்டா. பிரத்யுஷா என்று பத்து வயசுப் பிள்ளை, பாத்ரூமில் வழுக்கி விழுந்து புருவத்தில் மூன்று தையல். மறுநாளே சுவரேறிக் குதித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டாள். பல்லடம் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தவளைக் கண்டக்டர் பார்த்து விசாரித்ததால் தப்பித்தோம். பெரிய கதை. நேரில் சொல்கிறேன்.

ஜெஃபினை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ரூத்

சோமனூர்
24.06.2024

ரூத் கண்ணுக்கு,

அக்கா எழுதுவது. நானும் ஜெஃபினும் நன்றாக இருக்கிறோம். கால் காலையில் படுத்துகிறது, மத்தியானத்துக்குமேல் மறந்துவிடுகிறது. நீ தலைவலி மாத்திரையை நினைத்த நேரமெல்லாம் போடாதே.

சின்ன வயசுப் பெண் என்று அந்த மேடத்தை இளப்பமாக நினைக்காதே. என் காதைச் சோதித்த டாக்டருக்கும் அவ்வளவுதான் வயசு. "இத்தனை வருசத்துல காதுல பஞ்சாச்சும் வெச்சிருக்கலாமேங்கம்மா" என்று எழுதிக் காட்டினாள். அதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளை ஏன் சுவரேறிக் குதித்தது? அதை நீ எழுதவில்லை. தையல் போட்ட பிள்ளை வலியில் சுருண்டு கிடக்கும். ஓடிப்போகுமா? நேரில் சொல்கிறேன் என்கிறாய். உனக்கு லீவு கிடைத்து நீ இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது.

கோயமுத்தூர் போகும்போது தண்ணீர் பாட்டில் கொண்டு போ.

அக்கா,
ரெபேக்கா

தாராபுரம்
10.07.2024

அன்பான அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

முதல் பயிற்சி முடிந்தது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் போலப் புடவைத் தலைப்பில் சாவிக்கொத்து முடிந்த ஆட்கள். அந்த மேடம் எடுத்ததுமே கேட்டது, நாங்கள் கடைசியாக எப்போது விடிய விடியத் தூங்கினோம் என்று. எல்லாரும் சிரித்தோம். பிறகு ஊத்துக்குளியிலிருந்து வந்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு அவருக்கு ஒன்றரை நாள்தான் லீவு கொடுத்தார்களாம்.

படுக்கையில் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நனைந்த போர்வையை அவர்களையே குழாயடிக்குத் தூக்கிப்போகச் சொல்வோம், மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் மறுநாள் ரோஷம் வந்து நிறுத்திவிடுவார்கள் என்று நான்தான் எழுந்து சொன்னேன். "நின்னுதுங்களா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. ஒரு பிள்ளைக்கும் நின்றதில்லை.

பிரத்யுஷாவும் அப்படித்தான். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா பல்லடத்தில் கோழி லாரி ஓட்டுகிறார், வருகிறேன் என்பார், வரமாட்டார். சப்பாத்தியைச் சுருட்டித் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பாள், எறும்பு வரும், நான் திட்டுவேன். பசியைப் பார்த்த பிள்ளைக்கு நாளைக்கும் சோறு உண்டு என்ற நம்பிக்கை வரச் சில மாதங்கள் ஆகும், அதுவரை ஒரு டப்பாவில் பிஸ்கட் போட்டு அவள் பக்கத்திலேயே வையுங்கள் என்கிறார் மேடம். வைத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் ஆகிவிட்டது.

உங்கள்
ரூத்

சோமனூர்
06.08.2024

ரூத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஆடிப்பெருக்குக்குத் தறி நிறுத்தியிருந்தார்கள். உன்னைப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் தாராபுரம் வந்தேன். நீ பயிற்சிக்குப் போய்விட்டாயாம். அங்கப்பன் சார் என்னவோ சொன்னார், தலையாட்டிவைத்தேன்.

பிள்ளைகள் எனக்குச் சோறு போட்டார்கள். புருவத்தில் தழும்பு உள்ள பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் நோட்டு எடுத்துவந்து எழுதிக் காட்டினாள். நானும் எழுதினேன். மூன்று பக்கம் ஆயிற்று. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

உனக்கு வாழைக்காய்ச் சிப்ஸ் வைத்துவிட்டு வந்தேன். உன் கை எப்படி இருக்கிறது?

ரெபேக்கா

தாராபுரம்
13.08.2024

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியாமல் போனது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சிப்ஸ் பத்தே நிமிஷத்தில் காலி. என் கைக்கு ஒன்றும் இல்லையே அக்கா, ஏன் கேட்டீர்கள்?

அந்தப் பிள்ளை என்னிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உங்களிடம் மூன்று பக்கம் என்ன எழுதினாள்? படிப்பைப் பற்றியா? அவள் அப்பாவைப் பற்றியா?

இங்கே போர்வை விஷயத்தை மாற்றிவிட்டேன். குளியலறைக்குப் பின்னால் மூடிபோட்ட வாளி ஒன்று வைத்திருக்கிறேன். நனைந்ததை அதில் போட்டுவிட்டு அலமாரியிலிருந்து வேறு எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம். முதல் வாரம் ஒருத்தியும் நம்பவில்லை. இப்போது தினமும் மூன்று நான்கு போர்வை கிடக்கிறது. நனைப்பது நிற்கவில்லை, மறைப்பது நின்றிருக்கிறது. பிஸ்கட் டப்பாவை பிரத்யுஷா இன்னும் தொடவில்லை.

அவள் என்ன எழுதினாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
ரூத்

தாராபுரம்
12.09.2024

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துபோய் போன் செய்தேன். அம்மா தறிக்குப் போய்விட்டு வருகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று ஜெஃபின் சொன்னான். அவனே இரண்டு தடவை இங்கே வந்து போனான். பிள்ளைகளுக்கு என்று துண்டுத் துணி கொண்டுவந்தான். என்னோடு இரண்டு வார்த்தை பேசியதோடு சரி, பிரத்யுஷா எங்கே என்று கேட்டு, அவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நீங்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் பயிற்சியில் கோபத்தைப் பற்றிப் பேசினார்கள். கை ஓங்குவதற்கு முன்னால் உடம்பில் எங்கே சூடு ஏறுகிறது என்று ஒவ்வொருத்தரும் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது தொண்டை வலி என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

ரூத்

தாராபுரம்
28.09.2024

அக்கா,

அவள் வழுக்கி விழவில்லை.

மே மாதம் ஒன்பது பிள்ளைகள்தான் இல்லத்தில் மீதி. அவள் அப்பா லீவுக்கு அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வாசல் கேட்டருகிலேயே உட்கார்ந்திருந்தாள். வேளாவேளைக்குப் போய்க் கூப்பிட்டேன். இன்னொரு அம்மா லீவில் போய்விட்டதால் பதினொரு நாளாக நான் ஒருத்திதான். மூன்றாம் நாள் மத்தியானம், "சோத்துக்கு வா கண்ணு, உங்கப்பன் வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அதச் சொல்ல நீங்க ஆரு, எங்கம்மாவா?" என்றாள்.

அறைந்துவிட்டேன். கேட்டின் கொண்டியில் போய் மோதினாள். ரத்தம் கண்ணை மூடிவிட்டது. அவள் அழவில்லை அக்கா. பையைத்தான் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் விழுந்தாள் என்று அங்கப்பன் சார் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். குழந்தைகள் நலக் குழுவிலிருந்து விசாரிக்க வந்தபோது அவளையும் அப்படியே சொல்லவைத்தோம். அவள் சொன்னாள். பதிவேட்டிலும் அப்படியே இருக்கிறது. விஷயம் ஆறட்டும், நீ இந்தப் பயிற்சிக்குப் போ, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம் என்று சார் அனுப்பினார். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

அடித்ததைவிட அவளைப் பொய் சொல்லவைத்ததுதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. திட்டுவதானாலும் எழுதுங்கள்.

ரூத்

சோமனூர்
07.10.2024

ரூத்துக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் இரண்டு மாதமாக இல்லை.

அன்றைக்கு அவள் நோட்டில் எழுதியதை அப்படியே சொல்கிறேன். "நான் பாத்ரூம்ல வழுக்கி விழல. ரூத்தம்மா அடிச்சாங்க. விழுந்தேன்னு சொல்லச் சொன்னாங்க. உங்களுக்குக் காது கேக்காது, அதனால உங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரூத்தம்மாகிட்ட சொல்லாதீங்க." நீ என் தங்கை என்று தெரிந்துதான் எழுதினாள். அவள் தலையில் கை வைத்துச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த மூன்று பக்கத்தையும் அவளே கிழித்து என் சுருக்குப்பையில் திணித்தாள்.

சத்தியம் செய்துவிட்டு உன்னிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் சிப்ஸையும் தைலத்தையும் பற்றி எழுத எனக்கு வரவில்லை. மறுபடி அடிக்கிறாயோ என்ற பயத்தில்தான் ஜெஃபினை அனுப்பினேன். என் தங்கையை வேவு பார்க்க என் மகனை அனுப்பினேன் என்று நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது. நீயாகச் சொல்லாமல் இருந்திருந்தால் கிறிஸ்துமஸுக்கும் உனக்கு ஒரு வரி எழுதியிருக்கமாட்டேன்.

பதினொரு நாள் ஒருத்தியாக நின்றாய் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் என்னிடம் சொன்னது போதாது அம்மணி. தையல் போட்டது என் புருவத்தில் இல்லை.

மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

உன் அக்கா

தாராபுரம்
12.11.2024

அன்பான அக்காவுக்கு,

மழையால் தபால் தாமதமாகிறது என்கிறார்கள். உங்கள் காலுக்குக் குளிர் ஆகாது, மேஜோடு போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரப் பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டின்போது சாய்ப்ரியா மேடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு இல்லத்தில் ஒரு அம்மா பிள்ளையை அடித்துவிட்டு, பிள்ளையையும் பொய் சொல்லவைத்திருந்தால், அந்த அம்மா இப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரோ போலக் கேட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க. மன்னிச்சுக்கோன்னு கேட்டு, மன்னிக்கிற பாரத்தையும் அந்தக் குழந்தை தலையில வெக்க வேண்டாங்க. நடந்தது நடந்தபடி சொன்னாப் போதும். குழந்தை பேசலைன்னாலும் வற்புறுத்த வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரத்யுஷா கடைசியாக வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மற்றவர்கள் விளையாடப் போய்விட்டார்கள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நீ வழுக்கி விழுகலை கண்ணு. நான்தான் அடிச்சேன். அப்பா வராததுக்கும் அடி வாங்குனதுக்கும் நீ ஒரு தப்பும் பண்ணலை. உன்னையப் பொய் சொல்ல வெச்சதும் நாங்கதான்" என்றேன்.

அவள் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த நோட்டுல மாத்தி எழுதிப்போடுவீங்களா?"

சாரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பதிவேட்டை மாற்ற வேண்டுமென்றால் குழுவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அங்கப்பன் சாரிடம் பேசினேன். பிள்ளை மறந்துபோனதை ஏன் கிளறுகிறாய், இல்லத்துக்குக் கெட்ட பெயர், உனக்கு வேலையும் போய் வழக்கும் வரும் என்றார். அவர் சொல்வதில் வேலை போவது நிச்சயம். எனக்கு நாற்பத்தேழு வயசு. வீட்டுக்காரர் போனபிறகு இந்த இல்லத்தின் மூலை அறைதான் என் வீடு. பயமாக இருக்கிறது அக்கா.

அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். கேட்டருகில் உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி.

உங்கள்
ரூத்

சோமனூர்
18.11.2024

என் ரூத்துக்கு,

சுகம். மேஜோடு போட்டிருக்கிறேன்.

வேலை போனால் துணிமணியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. முன்னறையில் உனக்கு ஒரு கட்டில் போடச் சொல்லி ஜெஃபினிடம் சொல்லிவிட்டேன். பக்கத்துக் குடோன் தறிச் சத்தம் எனக்கு ஒன்றும் செய்யாது, உன்னைத்தான் பாடாய்ப் படுத்தும். காதுக்குப் பஞ்சு வாங்கி வைக்கிறேன்.

வழக்கு வந்தால் நான் உன்னோடு வந்து நிற்பேன். எனக்கு ஒன்றும் கேட்காது, ஆனாலும் நிற்பேன்.

போய்ச் சொல்.

அக்கா

தாராபுரம்
17.02.2025

அன்பான அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்கள் போட்டுவைத்த கட்டிலில் இரண்டு மாதம் படுத்து எழுந்த உடம்பு, இங்கே வந்து இரண்டு வாரமாகத் தூக்கம் பிடிக்காமல் கிடக்கிறது. சத்தம் இல்லாமல் தூங்க மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஜெஃபினுக்கு என் அன்பு.

அங்கே இருந்தபோது, திருப்பூரில் குழந்தைகள் நலக் குழு முன்னால் நடந்ததைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் எழுதிக் கொடுத்ததைக் குழுவில் சத்தமாகப் படித்தார்கள். நீங்கள் எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த வார்த்தைகள் உங்கள் காதில் விழவில்லை என்பது எனக்கு அன்றைக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. பதிவேட்டில் பழைய வரியை அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அதை பிரத்யுஷாவிடம் காட்டினார்கள். அவள் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

ரூத்தம்மா அங்கே இருப்பதா வேண்டாமா, உனக்கு எப்படி இருந்தால் பயமில்லாமல் இருக்கும் என்று குழு உறுப்பினரான ஒரு அம்மா அவளிடம் கேட்டார். சாய்ப்ரியா மேடமும் அவள் பக்கத்தில் இருந்தார். அவள் பதிவேட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"இருக்கட்டுங்க. ஆனா எங்க ரூமுக்கு வேண்டாங்க."

அதைத்தான் அவர்கள் உத்தரவாகவும் எழுதினார்கள். இரண்டு மாதம் சஸ்பென்ஷன். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்குப் பிள்ளைகள் பொறுப்பு எனக்குக் கிடையாது, சமையற்கட்டில் இன்னொருவர் மேற்பார்வையில் வேலை. போலீஸ் விசாரணை தனியாக நடக்கிறது, அதற்குக் கூப்பிடும்போது போக வேண்டும். அங்கப்பன் சாரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் ஒரு அறைக்கு இரண்டு அம்மாக்கள் என்று ஆக்கியிருக்கிறார், வாரம் ஒரு நாள் கட்டாய லீவு. மேடம் இங்கேயே வந்து மற்ற அம்மாக்களுக்குச் சொல்லித் தருகிறார். விட்டுப்போன வகுப்புகளை என்னையும் உட்கார்ந்து முடிக்கச் சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் சமையற்கட்டில் கரண்டியோடு நின்றபோது பிள்ளைகள் என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்று கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினேன். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகள் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பிரத்யுஷா தட்டோடு அடுத்த அம்மா வரிசையில் போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அவளைக் கூப்பிடக் கூடாது, பார்த்துச் சிரிக்கக்கூடக் கூடாது, அவள் இஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினான்கு நாள் அப்படியே போயிற்று.

நேற்று மத்தியானம் அந்த அம்மா வரிசை காலியாகத்தான் இருந்தது. அவள் என் வரிசையில் வந்து நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டே சோறு வைத்து, பருப்புக் குழம்பு ஊற்றினேன். வாங்கிக்கொண்டு போனவள் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டோடு திரும்பி வந்தாள்.

"கொழம்புல உப்புப் பத்தலைங்க" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் எந்தப் பிள்ளையும் உப்புப் போதவில்லை என்று சொன்னதில்லை அக்கா. போட்டதைத் தின்று பழகிய பிள்ளைகள். நான் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப் போட்டேன். அவள் அங்கேயே நின்று விரலால் கலக்கி, வாயில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம்" என்றாள். போட்டேன்.

உங்கள் அன்புத் தங்கை,
ரூத்